புதிய தீநுண்மியும் பழைய மருந்தும்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீனாவின் வூகான் நகர மருத்துவமனைகளுக்குக் காரணம் புலப்படாத நுரையீரல் அழற்சியுடன் நோயாளிகள் வந்தவண்ணம் இருந்தனர். அவர்களுள் எவரைப் புதிய தீநுண்மி தாக்கியுள்ளது, எவருக்கு வழக்கமான சளிக்காய்ச்சல் என்று பிரித்தறிய மருத்துவர்களிடம் வழியில்லை. சனவரி 11 அன்று சீன அறிவியலாளர் ஷாங் யோங்சென் குழுவினர், ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட அத்தீநுண்மியின் மரபணு வரிசையை உலகறிய வெளியிட்டனர். சில நாள்களிலேயே பெர்லினில் கிறிஸ்தியான் துரோஸ்டன் குழுவினரின் சோதனை முறை வெளிவந்தது. அக்குழுவினரின் கையில் அத்தீநுண்மி இல்லவே இல்லை என்பது வியப்புக்குரியது. 2003இல் பரவிய சார்ஸ் தீநுண்மியைப் பற்றிய அறிவே அவர்களுக்குக் கைகொடுத்தது.

இச்சோதனையில், மூக்கு அல்லது தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் உள்ள ஆர்.என்.ஏ.வை ஒரு நொதி டி.என்.ஏ.வாக மாற்றும். பின்னர், தீநுண்மிக்கே உரிய ஒரு சிறு பகுதி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றுகளில் நூறு கோடியைக் கடந்துவிடும். தீநுண்மி இல்லையெனில் பெருகுவதற்கு ஏதுமில்லை.

மருந்து காண்பது இத்துணை எளிதன்று. புதிய மருந்தை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், முன்பே புழக்கத்தில் உள்ள மருந்துகளை மருத்துவர்கள் நாடினர். மலேரியாவுக்குத் தரப்படும் ஐட்ராக்சிகுளோரோகுயின், ஆய்வகத்தில் செல்களுக்குள் தீநுண்மியைத் தடுத்தது. பல நாடுகள் அதனை நம்பி வழங்கின. ஆனால், இந்நோய் கண்டோருள் பெரும்பாலோர் மருந்தின்றியும் நலமடைவர். அப்புகழ் உண்ட மருந்துக்குப் போய்ச் சேரும். ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

அவ்வொப்பீட்டை மார்ச்சு மாதத்தில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் தொடங்கியது. பிரித்தானிய மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகளுள் எவருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. ஐட்ராக்சிகுளோரோகுயின் பெற்றோரில் நூற்றுக்கு 27 பேரும், பெறாதோரில் 25 பேரும் 28 நாள்களுக்குள் இறந்தனர். நம்பிக்கை பொய்த்தது.

பலரும் பெரிதாக எண்ணாத டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான பழைய மருந்தோ உயிர் காத்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பு நூற்றுக்கு 41இலிருந்து 29ஆகக் குறைந்தது. அது தீநுண்மியை அழிப்பதில்லை. நுரையீரலையே சிதைக்கும் அளவுக்கு மிகுந்துவிட்ட உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கிறது. ஆகவேதான், ஆக்சிசன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயன் விளையவில்லை. 2021இல் இந்தியாவில் இத்தகைய மருந்துகள் நோயின் தொடக்கத்திலேயே பலருக்கு அளவின்றித் தரப்பட்டன. அதே ஆண்டில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியபோது, கட்டுப்படாத நீரிழிவோடு அப்பழக்கத்தையும் மருத்துவர்கள் காரணமாகச் சுட்டினர்.