உழவாரமும் இளஞ்சிறாரும்

உழவாரம் என்ற சொல்லைக் கேட்டவுடனே அப்பரடிகளின் திருக்கோலம் நம் உள்ளத்தே தோன்றும். திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவியைத் தாங்கிய கோலம் அது. நம் சமய வகுப்புச் சிறாரும் அத்திருப்பணியை விருப்போடு செய்கின்றனர். ஒரு விடுமுறை நாளில் வெளிப் பிராகாரத்தை அவர்களிடம் ஒப்படைத்தோம். மாலையிற் சென்று நோக்கியபோது தரை துப்புரவாக இருந்தது. ஆயின் நெருஞ்சியோடும் நாயுருவியோடும், முன்னாண்டு நாம் நட்ட வில்வக் கன்றும் குப்பையிற் கிடந்தது. குற்றம் பிள்ளைகளுடையதன்று. வில்வத்தின் பெயரைப் பாடக் கற்பித்த நாம் வில்வத்தைக் காட்டினோமில்லை.

அன்று முதல் வகுப்பின் ஒரு பகுதியை மரத்தடியில் நடத்தலாயினோம். வில்வ இலையொன்றைக் கையிற் கொடுத்து, "இஃது எத்தனை இலை?" என வினவினால், "மூன்று" என்பர். அன்று, ஓர் இலையே மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்து நிற்கின்றது. முள்ளும் மொட்டும் முழு இலையின் காம்பு கிளையோடு சேருமிடத்திலேயே தோன்றும். சிற்றிலைகளின் அடியில் தோன்றா. இதனைக் கண்ணாற் கண்ட பிள்ளை, முக்கண்ணனுக்குரிய பத்திரத்தைச் சிதைத்துப் பறிக்க மாட்டாது. கசக்கி முகர்ந்த மணத்தையும் மறவாது.

அரசங் கன்றைப் பற்றி ஒரு சிறுமி நம்மை மடக்கினாள். குளக்கரை அரசை வலம் வருகின்றோமே, விமானத்தின்மேல் முளைத்த அரசை ஏன் களைய வேண்டும் என்றாள். நல்ல வினா, பெரியவர் பலர் கேளாதது. பழத்தையுண்ட பறவையின் எச்சத்தோடு விதை கல்லிடுக்கிற் சேர்கின்றது. வேர் பருத்தாற் கற்கள் விலகும், மழைநீர் உட்புகும், கட்டடம் பிளக்கும். மரம் ஒன்றே, நிற்குமிடம் வேறு. சிறு கன்றாக இருக்கும்போதே பெரியோர் அதனை வேரோடு களைதல் வேண்டும். சிறாரை விமானத்தின்மேல் ஏற்றுதல் ஆகாது.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. எருக்கு, ஊமத்தை, அரளி ஆகியன சிவபூசைக்குரிய மலர்களைத் தருவன, நஞ்சுடையனவும் அவையே. எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும். ஊமத்தை விதை அறிவை மயக்கும். அரளி இதயத்தைத் தாக்கும். கோயிற் பூவாயிற்றே என்று குழந்தை வாயிலிட்டுவிடலாம். ஆதலின் பிள்ளைகள் கைகழுவிய பின்னரே பிரசாதம் வழங்குகின்றோம்.

தில்லை என்பது ஊர்ப்பெயர் மட்டுமே எனப் பலர் எண்ணியுள்ளனர். சிதம்பரத்திற்கு அப்பெயரைத் தந்த மரம் அருகேயுள்ள பிச்சாவரத்து உப்பங்கழிகளில் வளர்கின்றது. அதன் பாலும் கண்ணுக்குக் கேடு செய்வது. அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் முன்னரே எச்சரித்தல் வேண்டும்.

கொன்றை அத்தகைய அச்சம் தருவதன்று. சித்திரையிற் பொன்னிறச் சரமாகத் தொங்கும். காயோ ஒரு முழம் நீளும். முற்றிய காயை உடைத்தால் அறை அறையாகத் தடுப்புகள், அறைக்கொரு விதை. விதையின் தோல் கடினமாதலின் அப்படியே புதைத்தால் முளைக்கத் தாமதமாகும். கல்லில் உரைத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்கச் சொன்னோம். இவ்வாண்டு மூன்று கன்றுகள் எழுந்துள்ளன. உழவாரப்பணி தொடங்குமுன் அவற்றைச் சுற்றி முள் வேலியிட்டவர்கள், அன்று வில்வத்தைப் பறித்தெறிந்த அதே பிள்ளைகள்.