புது ரவுட்டர் போட்டதும் கெமரா பழுதாகிவிட்டதா?

சித்திரை மாதத்து இடி மின்னலில் ரவுட்டர் எரிந்து போவது நம் தோட்டங்களில் புதிய சங்கதி அல்ல. கடனோ உடனோ பட்டு புது ரவுட்டர் வாங்கிப் போடுகிறோம். போனில் வைஃபை வருகிறது. ஆனால் வீட்டிலுள்ள கெமரா, டிவி, பல்ப் ஒன்றும் வேலை செய்யாது.

அண்மையில் ஒரு தொழிலாளச் சகோதரி எம்மிடம் வந்தார். "ஐயா, மக டுபாயில இருக்கா. நான் மலைக்குப் போன பொறகு அந்தக் கெமராவுலதான் புள்ளையப் பார்ப்பா. புது ரவுட்டர் போட்டதுல இருந்து ஒன்னுமே தெரியல. கெமரா பழுதாப் போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

வாங்க வேண்டாம் என்றோம். கெமராவில் பழுது எதுவும் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது?

கெமரா ஞாபகத்தில் வைத்திருப்பது இரண்டே விடயம். ஒன்று பழைய வைஃபையின் பெயர். மற்றது அதன் கடவுச்சொல். புது ரவுட்டருக்கு இரண்டுமே வேறு. கெமராவோ பழைய பெயரையே தேடிக்கொண்டு கிடக்கும். ஆகவே சுலபமான வழி, புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் வைத்துவிடுவதுதான். எல்லாச் சாமான்களும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

செய்யும் முறை

1. எரிந்துபோன ரவுட்டரை வீசிவிடாதீர்கள். நீங்கள் மாற்றாமல் இருந்தால், பழைய பெயரும் கடவுச்சொல்லும் அதன் அடியில் ஒட்டியுள்ள லேபலில் இருக்கும்.

2. புது ரவுட்டரின் லேபலைப் பார்த்து போனை அதன் வைஃபையில் இணையுங்கள். போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள்.

3. இன்டர்நெட் பார்க்கும் இடத்தில் அந்த லேபலில் உள்ள முகவரியை அடியுங்கள். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல இருக்கும். உள்ளே போவதற்குக் கேட்கும் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. வைஃபை பகுதியில் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு சேவ் பண்ணுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அச்சொட்டாக இருக்க வேண்டும். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. போன் ஒருமுறை அறுபடும். பயப்பட வேண்டாம், பழைய பெயரில் திரும்ப இணையுங்கள். கெமராவை ஒருதரம் நிறுத்திப் போட்டு, சில நிமிடம் பொறுங்கள்.

அப்படியும் வரவில்லையா?

விலை குறைந்த கெமரா, பல்ப், பிளக் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே ஓடும். புது ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் அவை பிடிக்காது. 2.4 ஐயும் போட்டுவிடுங்கள். அதற்கும் அந்தப் பழைய பெயரே இருக்கட்டும். செக்கியூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 மட்டும் இருந்தாலும் பழைய சாமான்கள் சேராது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் சேர்ந்ததைத் தெரிவு செய்யுங்கள்.

அவசரப்பட்டு கெமராவின் ரீசெட் பட்டனை அமுக்காதீர்கள். கெமரா மகளின் கணக்கில் பதிந்திருந்தால், திரும்பச் சேர்ப்பதற்கும் அதே கணக்கே தேவைப்படலாம். முதலில் அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை

பழைய கடவுச்சொல் லயம் முழுக்கத் தெரிந்த ஒன்றா? அப்படியானால் அதைத் திரும்ப வைக்காதீர்கள். டேட்டா தீர்ந்து போவது மட்டுமல்ல, வீட்டுக்குள்ளே கெமரா இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். 12 எழுத்துக்குக் குறையாமல் புதியதொன்றை வைத்து, ஒவ்வொரு சாமானிலும் ஒருதரம் மாற்றிக்கொள்ளுங்கள். அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். இஸ்தோப்புச் சுவரில் எழுத வேண்டாம்!

அந்தச் சகோதரியின் பழைய ரவுட்டர் குசினி மூலையில் கிடந்தது. லேபல் கரி பிடித்திருந்தாலும் எழுத்து வாசிக்க முடிந்தது. அன்று பின்னேரமே டுபாயில் இருந்த தாய் பிள்ளையைப் பார்த்துவிட்டார். புது கெமராவுக்கென்று எடுத்து வைத்த காசு சீட்டுக்குப் போனது.

தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.