தனியே கற்றல்: இராமானுஜன் காட்டும் வழியும் எச்சரிக்கையும்

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தால் பெறுபேறு வரும் வரை சில மாதங்கள் கையில் இருக்கும். தையல் வகுப்பு, கணினி வகுப்பு, கலியாண வீடுகள் என்று அவை போய்விடும். எனக்கு அந்த விடுமுறை வந்தபோது, உயர்தர இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் நானாகவே படித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். கணிதப் பிரிவில் சேர வேண்டும் என்பது என் ஆசை. "ரியூசன் இல்லாம அந்தப் பாடங்களப் படிக்க ஏலுமா மகள்?" என்று வாப்பா கேட்டார். பள்ளிவாசல்துறையிலிருந்து புத்தளம் நகருக்கு மாலை வகுப்புக்குப் போய், இருட்டிய பின் பஸ்ஸில் திரும்புவதென்றால் எந்த வாப்பாதான் யோசிக்கமாட்டார்? ஆகவே அவருடைய கேள்வி என்னுடைய கேள்வியும் ஆனது. அருகில் ஆசிரியர் இல்லாமல் ஒருவர் எவ்வளவு தூரம் கணிதம் கற்க முடியும்?

இந்தக் கேள்விக்குப் பலரும் உடனே சொல்லும் பதில் சீனிவாச இராமானுஜன். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தையார் துணிக்கடையொன்றில் கணக்குப்பிள்ளை. சிறுவனாக இருக்கும்போதே லோனி என்பவரின் திரிகோண கணித நூலை இரவல் வாங்கித் தானாகப் படித்து முடித்தார். 1903ஆம் ஆண்டில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த நூலொன்று அவர் கைக்கு வந்தது. அதில் ஏறக்குறைய 5000 தேற்றங்கள் வரிசையாக இருந்தன. நிறுவல்கள் மிகச் சுருக்கம். பலவற்றுக்கு நிறுவலே இல்லை. வேறொருவர் அதை மூடி வைத்திருப்பார். இராமானுஜனோ ஒவ்வொரு தேற்றத்தையும் தானே நிறுவ வேண்டிய கணக்காக எடுத்துக்கொண்டார். கடதாசி விலை கூடியது என்பதால் சிலேற்றில் கணக்குச் செய்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் கொப்பியில் எழுதினார். அந்தக் கொப்பிகளை இன்றும் கணித அறிஞர்கள் ஆராய்கிறார்கள்.

இதுவரைக்கும் கதை நமக்குத் தெரிந்ததுதான். நான் வாப்பாவிடம் சொன்னதும் இந்தப் பாதியைத்தான். மறு பாதியைப் பிறகுதான் படித்தேன்.

கணிதத்தில் மட்டும் மூழ்கியதால் மற்றப் பாடங்களில் இராமானுஜன் தோற்றார். கும்பகோணம் கல்லூரியில் புலமைப்பரிசிலை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907இல் பரீட்சையில் சித்தியடையவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தன் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவற்றுள் சில ஹார்டியையே திகைக்க வைத்தன. சில ஏற்கெனவே வேறு அறிஞர்கள் கண்டறிந்தவை. இன்னும் சில பிழையானவை.

அந்தப் பிழைகளில் ஒன்றைப் பாருங்கள். 2, 3, 5, 7, 11 போன்ற முதன்மை எண்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை இருக்கும் என்பதற்கு அவர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். சிறிய எண்களில் அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் அவர் நம்பிய அளவுக்கு அது துல்லியமானது அல்ல. அதைக் கண்டுகொள்ளத் தேவையான கணிதப் பகுதி, அதாவது சிக்கலெண்கள் பற்றிய சார்புக் கொள்கை, அவருக்குத் தெரியாது. அப்படியொரு பகுதி இருப்பதை அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்ற பின்னர் ஹார்டியும் லிட்டில்வுட்டும் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றார்கள். அவருடைய நம்பிக்கை உடைந்துவிடக்கூடாது என்று ஹார்டி மிகவும் கவனமாக இருந்தார். 1918இல் இராமானுஜன் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920இல் 32 வயதில் காலமானார். அவர் இளமையில் இறந்ததைவிட, வழிகாட்டல் இல்லாமல் கழிந்த வாலிப ஆண்டுகளே பெரிய இழப்பு என்பது ஹார்டியின் கருத்து.

ஆகவே, இராமானுஜனின் வாழ்க்கை இரண்டு விடயங்களைச் சேர்த்தே சொல்கிறது. தனியே மிகத் தொலைவு போகலாம். ஆனால் தனியே இருக்கும்போது நம் பிழை நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இது எனக்குப் படிப்பினையாக வந்த கதையைச் சொல்கிறேன். கடற்கரையில் நின்று பார்த்தால் தொடுவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தரம் 11 கணிதமே இதற்குப் போதும். நம் கண்ணிலிருந்து தொடுவானத்துக்குப் போகும் பார்வைக் கோடு பூமிக்கு ஒரு தொடலி. தொடலி ஆரைக்குச் செங்குத்து. எனவே ஒரு செங்கோண முக்கோணி கிடைக்கிறது. பைதகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்திச் சுருக்கினால், பூமியின் ஆரையையும் கண்ணின் உயரத்தையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் தூரம் வரும். பூமியின் ஆரை 6371 கிலோமீற்றர். என் கண்ணின் உயரம் 1.5 மீற்றர். நான் செய்து பார்த்தேன். விடை 138 கிலோமீற்றர்!

இரண்டு நாட்கள் அந்த விடையைச் சந்தோசமாகக் கொப்பியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், கடலுக்குப் போகும் எங்கள் மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "போட்டுல போகப் போக முதல்ல மணல் மறையும். பொறகு வாடி மறையும். கடைசியாத்தான் தென்னந்தல மறையும். பத்துப் பன்னிரண்டு மைல் போனா அதுவும் இல்ல. நீ எப்பிடிப் புள்ள நூறு தாண்டிப் பாப்பாய்?"

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆரையைக் கிலோமீற்றரிலும் உயரத்தை மீற்றரிலும் போட்டிருந்தேன். 1.5 மீற்றர் என்பது 0.0015 கிலோமீற்றர். சரியாகச் செய்தால் விடை ஏறத்தாழ 4.4 கிலோமீற்றர். மாமாவின் தென்னையையும் கணக்கிட்டேன். 20 மீற்றர் உயரமான தென்னையின் உச்சியிலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். படகில் இருப்பவரின் கண்ணும் 1.5 மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் இரண்டையும் கூட்ட வேண்டும். 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல், அதாவது 11 கடல் மைல். காற்று ஒளியைச் சிறிது வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் தூரம் தெரியும். பாடசாலைக் கணிதம் படிக்காத மாமாவின் கண்ணும் என் கொப்பியும் ஓரிடத்தில் சந்தித்தன. இதே முக்கோணியை மறுபக்கமாகப் பயன்படுத்தி, மலையின் உயரத்தையும் தொடுவானம் தாழும் கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரையையே கணக்கிட்டார் அல்பிரூனி (973-1048).

நமது முன்னோரில் இப்னு ஸீனாவும் பெரும்பாலும் தானாகக் கற்றவர். யூக்கிளிட்டின் கேத்திரகணித நூலில் முதல் ஐந்தாறு கூற்றுகளை மட்டும் ஆசிரியரிடம் கற்று, மீதியைத் தானே செய்ததாகத் தன் வரலாற்றில் கூறுகிறார். அவரே அரிஸ்டோட்டிலின் மெய்யியல் நூலொன்றை நாற்பது தடவை வாசித்தும் விளங்காமல் இருந்திருக்கிறார். மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய அல்ஃபாராபியின் விளக்க நூல்தான் அந்தக் கதவைத் திறந்தது. நாற்பது தடவை முயன்றவருக்கும் இன்னொருவருடைய விளக்கம் தேவைப்பட்டது.

பெண் பிள்ளைகளுக்கு உரிய ஓர் உதாரணமும் உண்டு. ஸ்கொட்லாந்தில் 1780இல் பிறந்த மேரி சொமவில், பெண்களுக்கான ஒரு சஞ்சிகையில் அட்சரகணிதக் குறியீடுகளைக் கண்டு, இவை என்ன என்று தேடத் தொடங்கினார். பெண் பிள்ளை இப்படிப் படித்தால் மூளை குழம்பிவிடும் என்று பயந்த பெற்றோர், இரவில் அவர் படிக்காதபடி மெழுகுதிரியை எடுத்துவிடச் செய்தார்கள். அவர் இருட்டில் படுத்தபடி யூக்கிளிட்டின் கணக்குகளை நினைவிலிருந்து செய்தார். பின்னர் வில்லியம் வொலஸ் என்ற கணித அறிஞருடன் கடிதம் மூலம் விடைகளைப் பரிமாறிக்கொண்டார். 1811இல் ஒரு கணக்குக்கான தீர்வுக்காக வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1831இல் அவர் வெளியிட்ட வானியல் நூல் கேம்பிரிட்ஜில் பாடநூலானது. அவரிடம் ஆர்வம் முதலிலேயே இருந்தது. விடையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் கிடைத்ததும் அது வளர்ந்தது.

இன்று நமக்கு நூல்களுக்குக் குறைவில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் வள நூல்களும் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் உண்டு. குறைவது திருத்துபவர்தான். அதற்காக நான் மூன்று பழக்கங்களை வைத்துக்கொண்டேன். முதலாவது, உதாரணக் கணக்கின் விடையை மூடிவைத்துவிட்டு நானே செய்வது. இரண்டாவது, வந்த விடை நான் அறிந்த உலகத்தோடு பொருந்துகிறதா என்று கேட்பது. மூன்றாவது, வாரத்தில் ஒருநாள் கொப்பியை இன்னொருவரிடம் காட்டுவது. அவர் ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் ராத்தாவாகவோ, கூடப் படிக்கும் தோழியாகவோ இருக்கலாம். அவருக்கு விளக்கிச் சொல்லும்போதே பாதிப் பிழை நமக்குத் தெரிந்துவிடும். மற்றப் பாடங்களைக் கைவிடாதிருப்பதும் இராமானுஜனிடமிருந்து நாம் கற்க வேண்டியதே.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் தனியே இருந்து கணக்குச் செய்கிறாள் என்றால், ரியூசன் தேவையில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். ரியூசன் இல்லாததால் ஏலாது என்று தடுக்கவும் வேண்டாம். கொப்பியைப் பார்க்கக்கூடிய ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

என் வாப்பாவிடம் இராமானுஜனின் மறு பாதிக் கதையையும் 138 கிலோமீற்றர் கதையையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பக்கத்து ஊரில் பௌதிகவியல் படித்த ஒரு ராத்தா இருப்பதாகவும், சனிக்கிழமை காலையில் தானே கூட்டிப் போவதாகவும் சொன்னார். இன்று நான் கணிதப் பிரிவு மாணவி. அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கொப்பியில் 138 என்ற எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.