‘காதல் கடிதம்’ பிரித்தவர்கள் கதறல்! பக்கத்துக் கம்ப்யூட்டர் தப்பியது எப்படி?

சென்னை,
பேசின் பிரிட்ஜ், ராயபுரம் பக்கம் லாரி புக்கிங் ஆபீசோ, கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசோ, காலையில் வந்ததும் இ-மெயில் பார்த்தாக வேண்டும். “கன்டெய்னர் வந்துவிட்டது, பில் பார்க்கவும்” என்ற கடிதத்தோடு வைரசும் வரலாம். அதே கடிதம் ஒரு கம்ப்யூட்டரைக் காலி செய்யும். இன்னொன்றை ஒன்றும் செய்யாது. ஏன்?

25 வருஷத்துக்கு முந்திய கதை ஒன்று இதை விளக்கும். விவரம் வருமாறு:-

மணிலாவில் கிளம்பியது

2000-ம் ஆண்டு மே 4-ந் தேதி, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் ஒரு இ-மெயில் கிளம்பியது. கூடவே ‘காதல் கடிதம்’ என்று ஒரு இணைப்பு. யாருக்குத்தான் ஆசை இருக்காது? பிரித்தார்கள். போச்சு! போட்டோக்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வைரஸ் தானே குந்திக்கொண்டது. ‘அவுட்லுக்’ முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும், பிரித்தவர் பெயரிலேயே அதே கடிதத்தை அனுப்பியது. தெரிஞ்ச ஆள் பெயராச்சே என்று அவர்களும் பிரித்தார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றமே இ-மெயிலை நிறுத்திவைத்தது!

பெயரைப் பார்த்தால் ‘டி.எக்ஸ்.டி.’ என்று சாதாரண எழுத்துக் கோப்பு போல இருந்தது. அதன் பின்னால் ‘வி.பி.எஸ்.’ என்று நிஜ வால். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிட்டது. அதுதான் வினை.

மேக்கில் பலிக்கவில்லை

ஆப்பிள் மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இந்த வைரஸ் ஓடவே இல்லை. எழும்பூரில் மீட்டர் கேஜ் இருந்த காலத்தில், பேசின் பிரிட்ஜ் வழியாக சென்ட்ரல் போகிற வண்டியை அந்தத் தண்டவாளத்தில் ஏற்ற முடியுமா? அதே கதைதான்.

ஆனாலும் மேக்காரர் மார்தட்ட முடியாது. 1999 மார்ச்சில் வந்த ‘மெலிஸா’, வேர்டு கோப்புக்குள் ஒளிந்து வந்தது. மேக்கிலும் தொற்றியது. கடிதம் அனுப்பும் சேட்டை மட்டும் அங்கே பலிக்கவில்லை.

செல்போனிலும் இதே கூத்துதான். விண்டோசுக்கு எழுதிய வைரஸ் போனில் ஓடாது. “திறக்க மாட்டேங்குது, நீ பாரு தம்பி” என்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிட்டால் அங்கே வெடிக்கும்! தள்ளிவிடும் முன் அனுப்பிய ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஆசாமி தப்பினார்

‘ஐ லவ் யூ’ எழுதியவர் ஒனெல் டி குஸ்மான் என்ற மாணவர். இன்டர்நெட்டுக்குக் கட்டப் பணமில்லாமல் பிறர் பாஸ்வேர்டைத் திருட எழுதியதாக, 2020-ல் வெளியான பேட்டியில் ஒப்புக்கொண்டார். பிலிப்பைன்சில் அப்போது அதற்குச் சட்டமே இல்லை. கம்பி எண்ணாமல் தப்பிவிட்டார்.

நம் நாட்டில் அப்படி நழுவ முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, தெரிந்தே மோசடியாக வைரஸ் புகுத்தினால் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.