டெவில்ஸ் ஹோல் ஊற்றும் அதன் மீனும்

நெவாடாப் பாலைவனத்தின் இந்தப் பாறைப் பிளவில், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 33 டிகிரி வெப்பம் மாறாத நீரில், இடுப்புத் துடுப்புகள் அற்றதும் ஓர் அங்குல நீளமே உடையதுமான பப்பிஷ் என்னும் மீன், வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத வம்சமாய் ஜீவித்து வருகிறது. குகை நூறு மீட்டருக்கும் அப்பால் ஆழ்ந்து சென்றாலும், அது பாசி மேய்வதும் முட்டையிடுவதும் பெரும்பாலும் நீர்மட்டத்தை அடுத்த ஓர் அறையளவான பாறைத் திட்டின் மீதே.

1952-இல் ஜனாதிபதி ட்ரூமன் இவ்விடத்தை டெத் வேலி தேசிய நினைவுச்சின்னத்தோடு இணைத்தார். ஆயினும், 1968 முதல் அருகிலிருந்த பண்ணையின் ஆழ்கிணறுகள் நீரை இறைக்கவே, மட்டம் தாழ்ந்து திட்டு வெளிப்படலாயிற்று. நிலத்தைச் சுற்றி வேலியிட்டால் நிலத்தடி நீருக்குக் காவலாகிவிடாதல்லவா? 1976-இல் உச்ச நீதிமன்றம், மீன் பிழைத்திருப்பதற்கு வேண்டிய நீர்மட்டத்தைக் காக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டென்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. சுற்றுப்புற ஊற்றுகளைக் காக்க 1984-இல் ஆஷ் மெடோஸ் சரணாலயம் அமைந்தது.

அப்படியும் 2013-ஆம் ஆண்டின் வசந்தகாலக் கணக்கெடுப்பில் தென்பட்டவை 35 மீன்களே.

பார்வையாளர்கள் வேலியைத் தாண்டாமலும், நீரில் எதையும் எறியாமலும் இருக்குமாறு வேண்டப்படுகிறார்கள்.