எடை மெஷினுக்குத் தெரியாத தசை

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடலையே எடுத்துக்காட்டாக முன்வைத்தார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

இந்த உடல்வாகு பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதை யாஜ்னிக் குழுவினர் புனேயில் பிறந்த குழந்தைகளிடம் கண்டார்கள். குழந்தை எடை குறைவாக இருக்கும். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையாது, தசைதான் குறையும். இன்சுலின் சொற்படி ரத்தச் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அதனால்தான் 'ஒல்லியாகத்தானே இருக்கிறான், சர்க்கரை எங்கே வரப்போகிறது' என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பது எனக்குக் கவலை தருகிறது.

அப்படியானால் தசையை எப்படி அளப்பது? டெக்சா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் அதை நன்றாகவே கணித்துவிடும். ஆனால் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாது. பிடிவலுவை அளக்கும் கைப்பிடி டைனமோமீட்டரைக் கொண்டுவரலாம். ஒரு கையில் அடங்கும் கருவி. இறுக்கினால் கிலோ கணக்கு தெரியும். முதல் வேலை, பிடியின் அகலத்தைப் பிள்ளையின் கைக்கேற்பத் திருப்பி வைப்பது. அகலம் பொருந்தாவிட்டால் வலுவான கையும் குறைவாகவே காட்டும். பிறகு நின்றபடி, கையை உடம்பில் ஒட்டாமல் தொங்கவிட்டு, சில விநாடிகள் முழுப்பலத்தோடு இறுக்க வேண்டும். இரு கைகளிலும் இரண்டு முறை அளந்து, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.

கால் வலுவை அறிய அளவு நாடா போதும். கோட்டுக்குப் பின்னால் இரு கால்களையும் ஊன்றி, முழங்காலை மடக்கி, கையை வீசித் தாவ வேண்டும். பின்தங்கிய குதிகால் வரை அளப்பார்கள். ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கு நடத்தும் 'ஆல்ஃபா' சோதனைத் தொகுப்பில் இந்த இரண்டும் உண்டு.

எண்ணைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். பருமனான பிள்ளை நன்றாக இறுக்கும், ஆனால் தன் எடையைத் தூக்கித் தாவத் திணறும். ஆகவே இரண்டையும் எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதியவர்களின் பிடிவலுவுக்கு ஆசிய நிபுணர் குழு 2019-ல் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 என்று எல்லை வகுத்தது. பூப்புக் காலத்தில் பையன்களின் பிடிவலு கிடுகிடுவென ஏறுவதால் வளரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரே எண் செல்லாது; வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். குறைந்த எண் வந்தால் நோய் என்று பொருளில்லை, மருத்துவர் மேற்கொண்டு பார்க்க வேண்டிய பிள்ளை என்று பொருள்.

பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்கும் பள்ளிகளில் இந்தச் சோதனை நடக்காது. குறைந்த எண் வந்த பிள்ளைக்குத் தண்டாலும் பஸ்கியும் தட்டில் பருப்பும் முட்டையும் சில மாதம் தொடர்ந்த பின், அதே பிடி அகலத்தில் மறுபடியும் அளக்க வேண்டும்.