பாரிஸில் ஒரு பழுத்த கிழவர்

துப்பாக்கி போதாது, வெடிமருந்து போதாது, கஜானாவில் காசும் இல்லை. அந்த நிலையில் பிரிட்டனோடு மோதிய 13 அமெரிக்கக் காலனிகள், 1776 கடைசியில் பிரான்சுக்கு அனுப்பிய ஆளுக்கு வயது 70. பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பாரிஸை ஒட்டிய பாஸியில் தங்கினார். பொய்முடி கிடையாது, ரோமக் குல்லாய்தான். ஊரே சொக்கிப்போய், அவர் உருவத்தை மூக்குப்பொடி டப்பாவில் பதித்து விற்றது.

வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் அப்படிச் சொக்குகிறவர் அல்ல. நாடகாசிரியர் பொமார்ஷே நடத்திய பெயரளவு வியாபாரக் கம்பெனி வழியாக ஆயுதங்களைக் கமுக்கமாக அனுப்பினார். பகிரங்கமாகக் கைகோக்க மட்டும் தயங்கினார். தோற்கிற பக்கம் யார்தான் சேர்வார்கள்? ஃபிராங்க்ளினும் நச்சரிக்கவில்லை. விருந்துக்குப் போனார், சதுரங்கம் ஆடினார். பிற்பாடு சக தூதராக வந்த ஜான் ஆடம்ஸுக்கு இந்தச் சொகுசு பிடிக்கவே இல்லை. ஆடம்ஸ் நேர்மையானவர், ஆனால் அவரை நம்பி அந்த வேலையைக் கொடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

1777 டிசம்பரில், சரடோகாவில் பிரிட்டிஷ் படை சரணடைந்த செய்தி வந்தது. சமாதானம் பேச லண்டன் ஓர் ஒற்றரை அனுப்பியது: பால் வென்ட்வொர்த். வாரக்கணக்கில் அவரைப் பார்க்க மறுத்த ஃபிராங்க்ளின், 1778 ஜனவரி 6 அன்று சம்மதித்தார். இரண்டு மணி நேரம் பேசினார், பிடிகொடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கண்காணிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். சந்திப்பு நடந்தால் போதும், அதில் என்ன பேசினால் என்ன?

இரண்டே நாளில் வெர்ஜெனின் ஆள் ஜெரார் வந்து நின்றார். ஆங்கிலேயர் பேச்சுக்கு நீங்கள் காதுகொடுக்காமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பிப்ரவரி 6-இல் கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபிராங்க்ளினின் கூடவே இருந்த எட்வர்ட் பான்கிராஃப்ட் பிரிட்டனின் உளவாளி; சேதி உடனே லண்டனுக்குப் போயிற்று. பயனில்லை. பங்குச் சந்தையில் சூதாடுகிற ஆட்கள் என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் உளவாளிகளையே நம்பவில்லை.

1781-இல் யார்க்டவுனில் கடல்வழியை அடைத்தது பிரெஞ்சுக் கப்பற்படை; அங்கே பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஃபிராங்க்ளினும் சகாக்களும் வெர்ஜெனிடம் சொல்லாமலே பிரிட்டனுடன் பூர்வாங்க சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வெர்ஜென் கொதித்தார். மரியாதை தவறியது உண்மைதான் என்று ஃபிராங்க்ளின் பணிவாக எழுதினார். நம்மைப் பிரித்துவிட்டதாக ஆங்கிலேயர் மகிழ்கிறார்கள், இந்தச் சின்ன மனஸ்தாபம் வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஏற்கெனவே கேட்டிருந்த புதுக் கடனும் வந்தது: 60 லட்சம் லிவ்ர்.